பொருமையாக வரவும்

சுவரில் காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தால் போதும், கண்ணாடிக்காரருக்குச் சாப்பாடு இறங்காது. எழுந்துபோய் அதை நேராக்கிவிட்டு வந்தால்தான் அடுத்த வாய். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவர் மூக்கில் ஃபிரேமை மாட்டி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, காதுப்பக்கக் கம்பியை மயிரிழை வளைத்து, மறுபடி மாட்டி, மறுபடி பார்த்து... மனுஷன் இந்த வேலைக்கென்றே பிறந்தவர். அந்தக் குணத்தைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. வீட்டுக்கும் கொண்டுவருவார். எதிர்வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் தெருவில் நிறுத்திச் சொல்லிவிடுவார். கூட நிற்கும் அவர் மனைவிக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருக்கும்.

அந்த மனைவி டாக்சி ஓட்டுகிறவள். ஸ்டாண்டில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் பெண். வாய் என்றால் அப்படி ஒரு வாய், வண்டிக்கு ஹாரன் வீண் செலவு என்பார்கள். கல்யாணமான புதிதில் புருஷனை "என்னங்க" என்று ஒரு வாரம் கூப்பிட்டுப் பார்த்தாள், நாக்கில் நிற்கவில்லை. அப்புறம் "யோவ் கண்ணாடி"தான். கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான், நாலு பேர் கூடியிருக்கும் இடத்திலும் அதுதான். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கண்ணாடிக்காரருக்கோ அந்த "யோவ்" காதில் விழாவிட்டால் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

புது வண்டி வாங்கியதும் அவள் முதலில் செய்த வேலை, ஸ்டிக்கர் கடைக்குப் போய் வெள்ளை எழுத்துகளை ஒவ்வொன்றாக வாங்கிவந்து பின் கண்ணாடியில் தானே ஒட்டியதுதான். கண்ணாடிக்காரர் வேலை முடிந்து வந்து பார்த்தபோது எல்லாம் ஒட்டி முடிந்திருந்தது. 'பின்னால் வருபவர்கள் பொருமையாக வரவும்.' அவருக்கு நெஞ்சு அடைத்தது. தப்பான எழுத்து ஒரு பக்கம், அதே எழுத்து கோணலாகவும் ஒட்டியிருந்தது ஒரு பக்கம்.

"அடிப்பாவி, வல்லின று போடணும். நீ ரு போட்டிருக்கே!"

"யோவ் கண்ணாடி, வண்டி பெட்ரோல்ல ஓடுது. வல்லினத்துல ஓடல. நகரு."

அதோடு சரி. ஸ்டாண்டில் அவளுக்குப் 'பொருமை அக்கா' என்றே பேர் நின்றுவிட்டது. பொறுமையில் பாதி, பெருமையில் பாதி, சரியாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று கூட இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். கண்ணாடிக்காரர் மட்டும் வண்டியைத் துடைக்கும் சாக்கில் அந்த எழுத்தை நகத்தால் நெம்பிப் பார்த்து, பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி இடது பக்கம் உரச ஆரம்பித்தது. முதலில் ஒரு கம்பம். பிறகு நிறுத்தியிருந்த ஒரு வேன். பிறகு ஒரு சைக்கிள்காரன். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. "எங்கேர்ந்து வந்தான்னே தெரியலய்யா" என்று அவள் சொன்னபோது, தினமும் கண்களோடு பழகுகிற மனுஷனுக்குச் சந்தேகம் வந்தது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "நேரா என் மூக்கைப் பாரு" என்றார். பக்கவாட்டிலிருந்து விரலை மெல்ல நகர்த்திக்கொண்டே, "தெரிஞ்சா சொல்லு" என்றார். விரல் காதைத் தாண்டிற்று, கன்னத்தைத் தாண்டிற்று. அவளோ, "என்னய்யா, ஆரம்பிக்கலியா?" என்றுதான் கேட்டாள்.

டாக்டரம்மா அதையே மெஷினில் பார்த்துச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. பக்கத்துப் பார்வை போனது போனதுதான், திரும்ப வராது. நடுப்பார்வை தெளிவாக இருக்கிறது. ஒழுங்காகச் சொட்டு மருந்து விட்டால் அதைக் காப்பாற்றலாம். வண்டி மட்டும் கூடாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கெஞ்சினாள். யாரிடமும் கெஞ்சாதவள். "ஊசியில நூல் கோக்கறேன்யா. எதிர்ல இருக்கற போர்டு எல்லாம் படிக்கறேன். நீயும் அந்தம்மாவும் வாயை மூடிக்கிட்டா யாருக்குய்யா தெரியப்போகுது?"

"பக்கத்துலேர்ந்து ஒரு குழந்தை ஓடி வந்தா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

அவள் வீட்டுக்கு வந்ததும் சாவியை மேஜைமேல் வைத்தாள். அவர் செய்தது சரிதான். ஊரைக் கூட்டிக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகம் என்று தோன்றுகிறது. அன்றோடு "யோவ்" நின்றது.

திட்டியிருந்தால் தேவலை. தட்டை எறிந்திருந்தால்கூடத் தேவலை. அவள் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதுவும் அவரைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து. "தண்ணி காஞ்சாச்சு, குளிக்கறவங்க குளிக்கலாம்." "டீ ஆறுது." "வெளிய போறவங்க கதவைச் சாத்திட்டுப் போனா நல்லது." மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள்தான் நடுவில் மாட்டிக்கொண்டாள். "கடையில ஒரு வேலை, வீட்ல தபால்கார வேலை. ரெண்டாவதுக்குச் சம்பளம் யாரு தர்றீங்க?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது, தபால் மட்டும் நிற்கவில்லை.

அதற்கிடையில் வண்டி விலைபோனது. வாங்கியவர் வாசலிலேயே ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு பின் கண்ணாடிப் பக்கம் போனார். "என்னங்க இது, தப்புத் தப்பா எழுதி வெச்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சுரண்டினார். எழுத்துகள் சுருண்டு சுருண்டு கீழே விழுந்தன. ஜன்னலில் நின்றிருந்த அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். சமையலறைக் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுவது வெளியே கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குழாய் ஓடுகிறது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியாதா என்ன. வாசலில் நின்றபடியே அவர் முடிவுசெய்தார், அந்த வண்டியைத் திரும்பக் கொண்டுவருவது என்று. உள்ளங்கையில் நிற்கிற அளவிலாவது.

அதற்கு அவருக்குக் கையும் இருந்தது, பழக்கமும் இருந்தது. பொம்மைக் கார் செய்வது அவருக்கு வெகுநாள் பைத்தியம். பொம்மை என்று அவர் எதிரில் சொல்லக்கூடாது, மாடல். பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். ஒட்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் எழுத்தும் கோடும் நம்பரும் ஏற்றவேண்டும். அந்த ஏற்றுகிற வேலையில்தான் மாடலின் உயிர் இருக்கிறது என்பார். அதில் மூன்று தினுசு. பின்தாளை உரித்து அப்படியே ஒட்டுவது, ஒட்டு ஸ்டிக்கர். தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி விடுவது, தண்ணி ஸ்டிக்கர். மேலே வைத்து மொட்டைக் குச்சியால் தேய்த்தால் எழுத்து மட்டும் கீழே இறங்கிக்கொள்வது, உரசு ஸ்டிக்கர். இந்தப் பேரெல்லாம் மகள் சின்ன வயதில் வைத்தது. பெட்டியில் வேறு பேர் போட்டிருக்கும். இந்த வீட்டில் அது செல்லாது.

அவள் ஓட்டிய அதே வண்டி, அதே மாடல், ஒரு பெட்டியில் கிடைத்தது. ஆனால் போலீஸ் வண்டியாகக் கிடைத்தது. மேலே வைக்கும் சிவப்பு விளக்கைத் தூக்கி எறிந்தார். கூட வந்த போலீஸ் ஸ்டிக்கர்களில் பக்கக் கண்ணாடிக்கான பளபளத் துண்டுகள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டார். அவை ஒட்டு ஸ்டிக்கர். உரித்தோமா ஒட்டினோமா என்று முடிந்தது.

பாலேட்டு நிறத்தில் வண்டியின் உடம்புக்குப் பெயின்ட் அடித்தார். கதவோடு ஓடும் நீலப் பட்டையையும் அதற்குள் இருக்கும் போன் நம்பரையும் தண்ணி ஸ்டிக்கர் தாளில் அச்சடித்து வாங்கிவந்தார். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அச்சடித்த தாள்மேல் முதலில் வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டும். ஆசையில் அதை மறந்து நேரே கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார் மனுஷன். பட்டை முழுதும் கரைந்து தண்ணீர் நீலமாகிவிட்டது. மகள் எட்டிப்பார்த்து, "அப்பா, என் வெள்ளைச் சட்டையை இதுலயே முக்கிடட்டுமா? நீலம் போட்ட மாதிரி இருக்கும்" என்றாள். சுவர்ப்பக்கமிருந்து யாரோ 'ம்க்கும்' என்று சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தச் சத்தம் நின்றுவிடும்.

இரண்டாவது தாளுக்கு வார்னிஷ் அடித்தார். வண்டி மேலேயும் ஒரு கை பளபள வார்னிஷ். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளிப் பூச்சு மாதிரி மினுங்கும், மானம் போகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து உட்கார்ந்தார். பட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து ஈரத்துணிமேல் வைத்தார். விரல் நுனியால் தொட்டால் தாள்மேல் நகர்கிறதா என்று பார்த்தார். நகர்ந்ததும் கதவோரம் கொண்டுபோய் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளினார். பட்டை வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. கதவுக் கைப்பிடி மேட்டில் மட்டும் கூடாரம் அடித்த மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கென்று இளக்குகிற மருந்து ஒன்று இருக்கிறது. அதை ஒரு சொட்டுத் தொட்டு வைத்தார். அவ்வளவுதான், பட்டை முழுதும் கசங்கிய துணி மாதிரி சுருங்கிப்போயிற்று.

அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு போய்க்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "கெடுத்தாச்சு" என்றாள் சுவரிடம். பதறிப்போய் நீவிவிடக் கை நீட்டினாள்.

"தொடக்கூடாது" என்றார் அவரும் சுவரிடம். "இப்பத் தொட்டா கிழிஞ்சிரும். விட்டுட்டா தானா படியும்."

"படிஞ்ச மாதிரிதான்" என்று முணுமுணுத்துவிட்டு அவள் போனாள். ஆனால் காரியமே இல்லாமல் அந்த வழியாக மூன்று நடை வந்தாள். மூன்றாவது நடையில் பட்டை சுருக்கமெல்லாம் போய், கைப்பிடியை அப்படியே கவ்வி, பெயின்ட்டோடு பெயின்ட்டாகப் படிந்திருந்தது. அவள் குனிந்து, முகத்தை அங்கே இங்கே திருப்பி, பார்வைக்குள் முழு வண்டியையும் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பார்த்தாள். போன் நம்பரை உதட்டை அசைத்துப் படித்தாள். அது அவள் நம்பர். உள்ளே போனாள். கண்ணாடிக்காரருக்கு அந்தச் சந்தோஷமே போதுமாக இருந்தது. அன்றைக்கு மேலே எதையும் ஒட்டாமல் எடுத்து வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது பின் கண்ணாடி. அதுதான் பெரிய விஷயம். சாதாரண அச்சு மெஷினுக்கு வெள்ளை மை கிடையாது. கண்ணாடிமேல் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் உரசு ஸ்டிக்கர்தான் வழி. தமிழ் எழுத்தில் அது கடையில் தொங்காது. அவள் அந்தக் காலத்தில் எழுத்து வாங்கிய அதே ஸ்டிக்கர் கடைக்காரர் இப்போது வெள்ளை மெஷின் வாங்கியிருந்தார். கண்ணாடிக்காரர் போய் வாசகத்தை எழுதிக் கொடுத்தார். அரிசி அளவு எழுத்து. கெட்டுப்போனால் உதவுமென்று ஒரே தாளில் இரண்டு வரி அடித்து வாங்கிக்கொண்டார். எழுதிக் கொடுக்கும்போது கை தானாக வல்லின று போட்டுவிட்டது. கவனித்தார். கவனித்து, 'அப்பாடா, இத்தனை வருஷம் கழித்து ஒரு வழியாக' என்று உள்ளுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார். பாவி மனுஷன்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை ஏற்றினார். தாளைக் கண்ணாடிமேல் வைத்து, நகராமல் ஒரு ஓரம் டேப் ஒட்டி, மை தீர்ந்த பேனா முனையால் எழுத்து எழுத்தாக உரசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தாளைத் தூக்கினார். ஒரு புள்ளிகூட விடாமல் அத்தனையும் இறங்கியிருந்தது. அளவுகோல் வைத்த மாதிரி நேர்வரிசை. மகளைக் கூப்பிட்டு, "அம்மா கையில குடு" என்றார். இத்தனை நாளும் எதற்காக உட்கார்ந்து உழைத்தாரோ, அந்த ஒற்றை வார்த்தை இப்போது வந்துவிடும் என்று நம்பினார்.

மகள் வண்டியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் முன்பக்கம் பார்த்தாள். கதவைப் பார்த்தாள், கட்டைவிரலால் பட்டையைத் தடவினாள். அவள் முகம் இளகுவதைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். பின்பக்கம் திருப்பினாள். வரியைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். முகம் பழையபடி இறுகிவிட்டது.

"இது என் வண்டி இல்ல" என்று மகளிடம் சொல்லிவிட்டு, வண்டியை மேஜைமேல் வைத்தாள்.

கண்ணாடிக்காரர் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னவாம்? என்ன குறையாம்?" என்றார் மகளிடம்.

"என் வண்டியில ஒரு எழுத்து தப்பா இருந்துச்சுன்னு சொல்லு" என்றாள் அவள். "சிக்னல்ல நிக்கறப்ப பின்னால வர்றவன் அதைப் படிப்பான். படிச்சுட்டுச் சிரிப்பான். நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே இருப்பேன். சிரிச்சவன் ஒருத்தனும் எனக்கு ஹாரன் அடிச்சதில்ல. இதுல என்ன இருக்கு? எல்லாம் சரியா இருக்கு. சரியா இருக்கறதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மகள் தபாலைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோகத் தேவையும் இருக்கவில்லை. கண்ணாடிக்காரர் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். அவள் வண்டி ஓட்டுவதைத் தடுத்தது சரி. அது வேறு விஷயம், அதை ஆயிரம் தடவை கேட்டாலும் நிறுத்தத்தான் செய்வார். ஆனால் இந்த எழுத்தை யார் திருத்தச் சொன்னது? அந்தப் பிளேடுக்காரன் சுரண்டியதை இவர் நேராக்கி முடித்துவைத்திருக்கிறார். தன்மேலேயே அவருக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

எழுந்து விளக்கைப் போட்டார். லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டினார். பக்கத்து எழுத்துகள் வந்துவிடாமல், 'று'வின் இரு பக்கமும் டேப்பால் மறைத்தார். இன்னொரு பொடித் துண்டு டேப்பை அதன்மேல் அழுத்தித் தூக்கினார். 'று' போயிற்று. 'பொ' என்று ஒரு பக்கம், 'மையாக' என்று ஒரு பக்கம், நடுவில் பல் விழுந்த மாதிரி ஓட்டை. இப்போது 'ரு'வுக்கு எங்கே போவது? இன்னொரு தாள் அடிக்கக் கடைக்கு ஓடவேண்டும், இன்றைக்குக் கடை இல்லை. மீதமிருந்த இரண்டாவது வரியையே வெறித்துக்கொண்டிருந்தார். அதிலும் 'று'தான் இருந்தது.

"'வருபவர்கள்'ல ஒரு ரு இருக்கே" என்றாள் அவள், சுவரிடம்.

இருந்தது! அவர் அந்த 'ரு'வை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்தார். இடுக்கியால் பிடித்து ஓட்டைக்குமேல் கொண்டுவந்தார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து, மேஜைமேல் மோவாயை வைத்துக்கொண்டாள். பக்கமெல்லாம் மங்கிப்போன அந்தக் கண்களுக்கு நட்டநடுவில் அந்தப் பின் கண்ணாடி மட்டும் பளிச்சென்று தெரிந்திருக்கவேண்டும். இமைக்காமல் பார்த்தாள்.

"கொஞ்சம் இடது பக்கம் போகணும்னு சொல்லு" என்றாள். மகள் சொல்லுமுன்பே அவர் நகர்த்தினார்.

"தலை கொஞ்சம் சாயணும்."

அவர் சாய்த்தார். சாய்த்ததாகத்தான் நினைத்தார். ஆனால் வாழ்நாள் முழுக்க ஃபிரேம் நிமிர்த்திய விரல்களாயிற்றே, அவை யார் பேச்சைக் கேட்கும்? பேனா முனையை எடுப்பதற்குள் எழுத்து மெல்ல நிமிர்ந்து பக்கத்து எழுத்துகளோடு வரிசையில் நின்றுவிட்டது. மறுபடி சாய்த்தார். மறுபடி நிமிர்ந்தது. உரசப் போனார்.

"யோவ் கண்ணாடி!" மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். கிண்ணத்துத் தண்ணீர் தளும்பியது. "நேரா வைக்காதய்யா! எத்தனை தடவை சொல்றது? என் எழுத்தைக் கோணலாவே இருக்க விடேன்யா!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னவளுக்கே அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது போலிருக்கிறது. மோவாயை மேஜையிலிருந்து எடுத்துவிட்டாள். கண்ணாடிக்காரருக்குப் பூதக்கண்ணாடிக்கு உள்ளே எல்லாம் கலங்கித் தெரிந்தது. எழுத்து எங்கே, ஓட்டை எங்கே, ஒன்றும் புரியவில்லை. ஒரு சொட்டு நேரே துணிமேல் விழுந்தது. நல்லவேளை, வண்டிமேல் விழவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். "நீயே வை."

அவள் இடுக்கியை வாங்கவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் நின்று, அவர் கையைத் தன் கையால் பிடித்து, எழுத்தை அது அவளுடைய பழைய வண்டியில் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படிச் சாய்த்து, அசையாமல் அழுத்திக்கொண்டாள்.

"என்னய்யா பாக்கற? உரசு" என்றாள்.